இரண்டு கோச்சிப் பாதைகள் சந்தித்த ஊர்

சில ஊர்கள் ஆற்றினால் உண்டாகின்றன. சில ஊர்கள் துறைமுகத்தினால் உண்டாகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலமான மிஸிஸிப்பியின் வடகிழக்கு மூலையில் இருக்கின்ற கொரிந்த் என்ற சிற்றூர் புகையிரதத்தினால் மட்டுமே உண்டானது. அங்கே ஆறு இல்லை. மலை இல்லை. குடிப்பதற்கு நல்ல தண்ணீர்கூடப் போதியளவு இருக்கவில்லை. இரண்டு தண்டவாளப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. அந்த வெட்டுப் புள்ளியைச் சுற்றி ஓர் ஊர் முளைத்தது. மாஹோவிலும் கல்ஓயாவிலும் நடுச்சாமத்தில் இறங்கி அடுத்த கோச்சிக்காகக் காத்துக் கிடந்த நம்மவர்களுக்குச் சந்தி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஊர் சிறிதாக இருக்கும், நிலையம் பெரிதாக இருக்கும். வருவோரும் போவோருமே அங்கே சனம்.

ஆனால் கொரிந்த் சந்தியைப் பிடிப்பதற்காக 1862 ஆம் ஆண்டு ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான படையினர் திரண்டனர். பல்லாயிரம் பேர் மடிந்தனர். அந்த யுத்தத்தின் இடிபாடுகளுக்கு நடுவே, எழுதவும் வாசிக்கவும் தடை செய்யப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டம் முதன்முதலாகப் புத்தகத்தைக் கையில் எடுத்தது. முதலாவது செய்தி அமெரிக்க வரலாற்று நூல்கள் எல்லாவற்றிலும் உண்டு. இரண்டாவது செய்தி வெகுகாலமாக அடிக்குறிப்பாகவே கிடந்தது. ஓர் ஊரின் வரலாறு எப்படி எழுதப்படுகின்றது, அதில் யார் இருக்கிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்று யோசிப்பவர்களுக்குக் கொரிந்த் நல்லதொரு பாடம்.

நிலமும் தண்டவாளமும்

ஊர் எழுவதற்கு முன் அந்த நிலம் சிக்கஸோ பழங்குடி மக்களுடையது. 1832 இல் செய்யப்பட்ட பொன்டொட்டொக் ஒப்பந்தத்தின் மூலம் அவர்கள் தமது நிலத்தை ஐக்கிய அமெரிக்க அரசுக்குக் கொடுக்க நேர்ந்தது. 1837 முதல் அவர்கள் மிஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பால், மேற்கே அனுப்பப்பட்டனர். 1836 இல் உருவாக்கப்பட்ட மாவட்டத்துக்கு டிஷோமிங்கோ என்ற சிக்கஸோ தலைவரின் பெயரைச் சூட்டினார்கள். நிலத்தை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவைப்பது உலகெங்கும் ஆதிக்கக்காரர்களின் வழக்கம்தான்.

பழங்குடிகள் போன நிலத்தில் பருத்தி வந்தது. பருத்தியோடு அடிமைகளும் வந்தார்கள். 1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மிஸிஸிப்பியின் மொத்தச் சனத்தொகை 791,305. அதில் 436,631 பேர் அடிமைகள். அதாவது நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் மற்றவருக்குச் சொந்தமான மனிதர்கள். கொரிந்தைச் சுற்றிய மலைப்பாங்கான பகுதியில் இந்த விகிதம் குறைவு. மேற்கே ஆற்றங்கரைக் கரிசல் நிலத்தில் மிக அதிகம்.

பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லவே புகையிரதப் பாதைகள் திட்டமிடப்பட்டன. மொபைல் - ஒஹாயோ பாதை மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து வடக்கே கென்டக்கியின் கொலம்பஸ் வரை ஏறக்குறைய 470 மைல் ஓடியது. மெம்பிஸ் - சார்ள்ஸ்டன் பாதை மிஸிஸிப்பி ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே சென்று, வேறு பாதைகளோடு இணைந்து, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தொட்டது. தெற்கின் தண்டவாளங்களில் பெரும்பகுதி அடிமைகளின் உழைப்பால் போடப்பட்டவை. மரம் வெட்டியதும் மண் சுமந்ததும் சிலிப்பர் கட்டை அடுக்கியதும் அவர்களே.

இவ்விரு பாதைகளும் வெட்டும் இடத்தில் 1850 களின் நடுப்பகுதியில் ஊர் அளந்து பிரிக்கப்பட்டது. முதலில் அதைக் 'குறுக்குப் பாதை நகரம்' என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். கிப்ஸன் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாசிரியருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கிரேக்க நாட்டிலே வழிகள் கூடும் இடத்தில் செழித்திருந்த பண்டைய நகரின் பெயரை அவர் முன்வைத்தார். ஊர் கொரிந்த் ஆயிற்று. ஒரு பத்திரிகையாசிரியர் பெயர் வைத்த ஊர் என்பதில் எழுத்தாளர்களுக்குச் சிறு மகிழ்ச்சி இருக்கலாம்.

1857 இல் மெம்பிஸ் - சார்ள்ஸ்டன் பாதை பூர்த்தியானது. அட்லாண்டிக் கடல்நீரைப் பீப்பாயில் கொண்டுவந்து மெம்பிஸில் மிஸிஸிப்பி ஆற்றிலே ஊற்றி, கடலுக்கும் ஆற்றுக்கும் கலியாணம் செய்துவைத்தார்கள். இலங்கையில் அடுத்த ஆண்டு, 1858 இல், தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டினார். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் கோச்சி ஓடியது 1864 டிசம்பரில். அங்கே பருத்திக்காகப் போடப்பட்ட தண்டவாளம், இங்கே கோப்பிக்காகப் போடப்பட்டது. இரண்டிடத்திலும் பயணிகள் பிறகுதான் கணக்கில் வந்தார்கள்.

மொபைல் - ஒஹாயோ பாதை பூர்த்தியானது 1861 ஏப்ரலில். உள்நாட்டு யுத்தம் தொடங்கியதும் அதே மாதத்தில்தான். பருத்திக்காகப் போட்ட சந்தி படைகளுக்கான சந்தியாக மாற ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பதினாறு சதுர அடி

1861 ஜனவரி 9 ஆம் திகதி மிஸிஸிப்பி ஐக்கியத்திலிருந்து பிரிவதாக அறிவித்தது. அடிமை முறையைக் காப்பதே பிரிவின் நோக்கம் என்பதை அம்மாநிலத்தின் பிரகடனமே மறைக்காமல் சொன்னது. தெற்கு மாநிலங்களின் கூட்டமைப்புக்குக் கிழக்கு மேற்காக நீண்டு ஓடிய பிரதான புகையிரதப் பாதை மெம்பிஸ் - சார்ள்ஸ்டன் பாதைதான். அதனை அக்கூட்டமைப்பின் முதுகெலும்பு என்றே அதன் யுத்த அமைச்சராக இருந்த லீரோய் போப் வோக்கர் கருதினார். கொரிந்தில் இரு தண்டவாளங்களும் வெட்டும் இடம் பதினாறு சதுர அடி இருக்கும். தெற்குக் கூட்டமைப்பிலேயே விலைமதிப்பு மிகுந்த பதினாறு சதுர அடி என்று அது இன்றும் பேசப்படுகின்றது.

1862 பெப்ரவரியில் டென்னஸி மாநிலத்தின் ஹென்றி கோட்டையும் டொனல்ஸன் கோட்டையும் வடபடையிடம் வீழ்ந்தன. தெற்கின் ஜெனரல் அல்பர்ட் சிட்னி ஜோன்ஸ்டன் தமது படைகளைக் கொரிந்தில் குவித்தார். நாலு திசையிலிருந்தும் வந்த கோச்சிகள் ஏறக்குறைய நாற்பத்து நாலாயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கின. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. வடபடையின் ஜெனரல் கிராண்ட் அங்கிருந்து 22 மைல் தொலைவில் டென்னஸி ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்தார். ஏப்ரல் 6, 7 ஆம் திகதிகளில் ஷைலோ என்ற சிறு மரத் தேவாலயத்தைச் சுற்றி இரு படைகளும் மோதின. இரண்டு நாட்களில் இரு தரப்பிலும் இறந்தோர், காயப்பட்டோர், காணாமற்போனோர் தொகை இருபத்து மூவாயிரத்துக்கும் மேல். ஜோன்ஸ்டனும் இறந்தார். அமெரிக்க மண்ணில் அதுவரை அப்படியொரு இழப்பு நேர்ந்ததில்லை.

தோற்ற படை கொரிந்துக்குத் திரும்பியது. சேறு நிறைந்த பாதையில் வண்டி வண்டியாகக் காயப்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள். நிலையத்தருகே இருந்த டிஷோமிங்கோ ஹோட்டல் வைத்தியசாலையானது. பெண்பிள்ளைகள் படித்த கொரோனா கல்லூரி வைத்தியசாலையானது. தேவாலயங்களும் வீடுகளும் அப்படியே. பின்னர் ஊரைக் கொன்றது துப்பாக்கி அல்ல, தண்ணீர். பல்லாயிரம் பேரும் அவர்களது குதிரைகளும் நெருங்கிக் கிடந்த இடத்தில் கிணறுகள் கெட்டன. நெருப்புக் காய்ச்சலும் இரத்தக் கழிச்சலும் பரவின. ஷைலோவில் இழந்ததற்குச் சற்றும் குறையாத தொகையைத் தென்படை கொரிந்தில் நோய்க்குக் கொடுத்தது.

வடபடையின் ஜெனரல் ஹலெக் ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேரோடு கொரிந்தை நோக்கி நகர்ந்தார். ரிச்மண்டும் கொரிந்துமே இந்த யுத்தத்தின் பிரதான கேந்திரங்கள் என்பது அவரது கணிப்பு. ஒன்று எதிரியின் தலைநகர், மற்றது ஒரு சந்தி. ஷைலோவில் பட்ட சூடு மறக்காததால் ஒவ்வொரு இரவும் பதுங்குகுழி வெட்டி வெட்டியே அவர் முன்னேறினார். 22 மைல் தூரத்தைக் கடக்க அவருக்கு ஒரு மாதம் சென்றது.

அதன்பின் நடந்தது யுத்த வரலாற்றில் ஒரு சுவையான அத்தியாயம். தென்படைத் தளபதி பியூரகார்ட் தம்மால் ஊரைக் காக்க முடியாது என்று கண்டுகொண்டார். பின்வாங்குவது தெரிந்துவிட்டால் துரத்திப் பிடித்துவிடுவார்கள். மே 29 ஆம் திகதி இரவு வெறுங் கோச்சிகள் நிலையத்துக்குள் வரும்போதெல்லாம் புதிய படை வந்து இறங்குவதுபோல ஆரவாரம் செய்யுமாறு தமது வீரர்களுக்கு உத்தரவிட்டார். மேளவாத்தியங்கள் முழங்கின. காவலரண்களில் நெருப்பு எரிந்தது. மரக்குற்றிகளுக்குக் கறுப்பு மை பூசிப் பீரங்கிபோல நிறுத்திவைத்தார்கள். எதிரே இருந்தவர்கள் அடுத்த நாள் பெருந்தாக்குதல் வருமென்று இரவெல்லாம் விழித்திருந்தார்கள். கோச்சிகள் நோயாளிகளையும் தளபாடங்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டன. மே 30 காலை வடபடை நுழைந்தபோது ஊர் வெறுமையாக இருந்தது.

முதுகெலும்பு முறிந்ததன் பலன் உடனே தெரிந்தது. ஜூன் 6 ஆம் திகதி மெம்பிஸ் வீழ்ந்தது. ஒக்டோபர் 3, 4 ஆம் திகதிகளில் தென்படையின் வான் டோர்னும் பிரைஸும் இருபத்திரண்டாயிரம் பேரோடு ஊரைத் திருப்பிப் பிடிக்க வந்தார்கள். கடும் வெயில். ரொபினெட் என்ற மண்ணரணின் முன்னால் டெக்ஸாஸ் படைப்பிரிவின் கேணல் ரொஜர்ஸ் உட்படப் பலர் விழுந்தார்கள். இரு நாட்களிலும் இரு தரப்பும் சேர்ந்து இழந்தது ஏறக்குறைய ஏழாயிரம் பேரை. ரோஸ்கிரான்ஸ் தலைமையிலான வடபடை ஊரைத் தக்கவைத்துக்கொண்டது.

யுத்த வரலாற்றாசிரியர்கள் பலர் கொரிந்தின் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். படைகள் விக்ஸ்பேர்க் பக்கம் போய்விட்டதால் அவர்களும் அங்கே போய்விடுவார்கள்.

முகாம்

வடபடை ஓர் ஊரைப் பிடித்ததும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து அடிமைகள் அங்கே ஓடிவந்தார்கள். மிஸிஸிப்பியிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் டென்னஸியிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பாத்திர பண்டங்களைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை என்னவென்று அழைப்பது என்பதில் வடபடைக்கே குழப்பம். ஓடிவந்த அடிமையை எசமானிடம் திருப்பி ஒப்படைக்கவேண்டும் என்ற சட்டம் அப்போதும் இருந்தது. 1861 மே மாதம் வேர்ஜீனியாவில் ஜெனரல் பட்லர் ஒரு தந்திரம் செய்தார். எதிரியின் உடைமையைக் கைப்பற்றுவது யுத்த நியதி. அடிமை எதிரியின் உடைமை. எனவே இவர்கள் கைப்பற்றப்பட்ட பொருட்கள் என்றார். அதிலிருந்து அவர்களுக்குக் 'கொன்ட்ரபாண்ட்' என்ற பெயர் வந்தது. கடத்தற்பொருள், கைப்பற்றிய பொருள் என்பது அதன் கருத்து. மனிதரை விடுவித்த சொல்லே மனிதரைப் பண்டமாகவும் வைத்திருந்தது.

1862 இன் பிற்பகுதியில் ஜெனரல் கிரென்வில் டொட்ஜ் கொரிந்தின் ஓரத்தில் இவர்களுக்காக ஒரு முகாமை அமைத்தார். முகாம் என்ற சொல்லுக்கு 1990 இன் பின் நாம் அகராதி பார்க்கவேண்டிய தேவை இல்லை. கூடாரம், வரிசை, உலர் உணவு, அடுத்த மழையைப் பற்றிய பயம். கொரிந்த் முகாமும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அப்படியே நிற்கவில்லை. வந்தவர்கள் மரம் வெட்டி வீடு கட்டினார்கள். வீதி அமைத்தார்கள். தேவாலயமும் பாடசாலையும் வைத்தியசாலையும் எழும்பின. இராணுவப் போதகரான ஜேம்ஸ் அலெக்சாண்டர் முகாமின் மேற்பார்வையாளராக இருந்தார். கைவிடப்பட்டிருந்த வயல்களில் கூட்டுப் பண்ணையாகப் பருத்தியும் மரக்கறியும் பயிரிட்டார்கள். பருத்தி அவர்கள் பிறந்த நாள் முதல் பறித்த பயிர்தான். தங்களுக்காக அதைப் பறித்தது அதுதான் முதற்தடவை. 1863 மே மாதமளவில் முகாம் நாலாயிரம் முதல் ஐயாயிரம் டொலர் வரை தேறிய இலாபம் காட்டியது. ஏறக்குறைய ஆறாயிரம் பேர் அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். யுத்தத்துக்கு முன்னிருந்த ஊரைவிட முகாம் பெரிது.

பாடசாலையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தெற்கின் பல மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது சட்டப்படி குற்றம். எழுதத் தெரிந்தவன் பயணச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு தப்பிவிடுவான். வாசிக்கத் தெரிந்தவன் தன்னைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று அறிந்துவிடுவான். அந்தப் பயம் நியாயமானதுதான். அமெரிக்க மிஷனரிச் சங்கம் முதலிய அமைப்புகளின் ஆசிரியர்கள் கொரிந்துக்கு வந்தார்கள். பகல் முழுக்க வயலில் நின்ற கிழவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து எழுத்துக் கூட்டினார்கள். 1863 ஓகஸ்ட் அளவில் ஆயிரத்துக்கும் அதிகமான சிறுவர்களும் பெரியவர்களும் அங்கே வாசிக்கக் கற்றிருந்தார்கள். சில மாதங்களில் ஆயிரம் பேர். ஷைலோவின் இழப்புத் தொகையைப் பாடமாக்குகிறவர்கள் இந்தத் தொகையையும் பாடமாக்கலாம்.

டொட்ஜ் இன்னொன்றும் செய்தார். முகாமைக் காவல் செய்வதற்கு முகாம்வாசிகளின் கையிலேயே துவக்கைக் கொடுத்தார். 1863 ஜனவரி 1 ஆம் திகதி லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தபின் கறுப்பின வீரர்களைப் படையில் சேர்ப்பது சட்டமானது. மே மாதம் கொரிந்திலேயே 'ஆபிரிக்க வம்சாவளி அலபாமா முதலாவது காலாட்படை' அமைக்கப்பட்டது. பின்னர் அது 55 ஆவது கறுப்பினப் படைப்பிரிவு எனப் பெயர் மாற்றப்பட்டது. 1864 ஜூனில் மிஸிஸிப்பியின் பிரைஸஸ் நாற்சந்தியில் வடபடை தோற்று ஓடியபோது, பின்வாங்கலுக்குக் காவலாக நின்று பொருதியவர்களில் இவர்களும் அடங்குவர்.

நாற்பது வருடத்துக்கு முந்திய ஒரு கடிதம்

அடிமைகளுக்கு எழுத்து வராது என்பது எசமானர்களின் பிரசாரம். அது பொய் என்பதற்கான சாட்சி அதே மிஸிஸிப்பியில் முன்பே இருந்தது. அவர் ஒரு முஸ்லிம் என்பதால் இங்கே குறிப்பிடாமல் விடமுடியவில்லை.

மேற்கு ஆபிரிக்காவின் பூத்தா ஜாலோன் பிரதேசத்தின் ஆட்சியாளர் குடும்பத்தில் பிறந்தவர் அப்துர் ரஹ்மான் இப்ராஹீமா. மதரஸாவில் ஓதியவர், படைத் தலைவர். 1788 இல் சிறைப்பிடிக்கப்பட்டு மிஸிஸிப்பி ஆற்றங்கரையில் உள்ள நச்செஸில் தோமஸ் பொஸ்டர் என்ற தோட்டக்காரனுக்கு விற்கப்பட்டார். நாற்பது வருடங்கள் அவனிடம் அடிமையாக இருந்தார். 1826 இல் அவர் அரபியில் எழுதிய கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரின் கைவழியாக வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுத்து அரபியாக இருந்ததால் அவரை மொரோக்கோக்காரர் என்று நினைத்தார்கள். விடயம் மொரோக்கோ சுல்தான் வரை போனது. 1828 இல் விடுதலை கிடைத்தது. தம் பிள்ளைகளையும் மீட்பதற்காக வட மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று நிதி சேர்த்தார். கிறிஸ்தவ ஜெபத்தை அரபியில் எழுதித் தரச் சொன்னவர்களுக்கு அவர் ஸூரத்துல் பாத்திஹாவை எழுதிக் கொடுத்தார். வாங்கியவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. 1829 இல் லைபீரியாவில் இறங்கிய சில மாதங்களில், பிறந்த ஊரை எட்டாமலே மௌத்தானார்.

நச்செஸ் வேறு, கொரிந்த் வேறு. ஒன்று மாநிலத்தின் தென்மேற்கு, மற்றது வடகிழக்கு. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஒன்று விளங்குகின்றது. கொரிந்த் முகாமில் எழுத்துக் கூட்டியவர்களின் பாட்டன்மாரில், பாட்டிமாரில் சிலர் ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களாக ஆபிரிக்காவிலிருந்து வந்திருக்கக்கூடும். இடையிலே இரண்டு மூன்று தலைமுறைக்கு எழுத்துப் பறிக்கப்பட்டது. முகாமில் நடந்தது ஒரு மீட்பு என்றும் சொல்லலாம்.

கலைக்கப்பட்ட ஊர்

முகாம் ஒரு வருடம்தான் நிலைத்தது. 1863 டிசம்பரில் இராணுவத் தேவைக்காக அது மெம்பிஸுக்கு மாற்றப்பட்டது. கட்டிய வீடும் உழுத நிலமும் அங்கேயே நின்றன. மெம்பிஸில் அவர்கள் வழக்கமான அகதி முகாம் ஒன்றில் யுத்தம் முடியும்வரை இருந்தார்கள். 1864 ஜனவரியில் வடபடை கொரிந்தைக் கைவிட்டுப் போனது. போகும்போது கொரோனா கல்லூரி எரிந்தது.

மெம்பிஸுக்குச் சென்ற விடுதலை பெற்றவர்கள் நகரின் தென்பகுதியில் குடியேறியிருந்தார்கள். 1866 மே முதல் மூன்று நாட்கள் பொலிஸாரும் வெள்ளையர் கும்பலும் அப்பகுதியில் புகுந்தனர். 46 கறுப்பினத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய தேவாலயங்களும் பாடசாலைகளும் கொளுத்தப்பட்டன. ஒரு சமூகத்தை அடிக்க நினைப்பவர்கள் வணக்கத்தலத்தையும் பள்ளிக்கூடத்தையும் முதலில் தேடுவது எதற்காக என்று நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

யுத்தம் முடிந்தபின் கொரிந்த் மீண்டும் சந்தியாகவே வாழ்ந்தது. 1866 இல் அங்கே தேசிய மயானம் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரப் போர்க்களங்களில் புதைந்திருந்த வடபடை வீரர்களைத் தோண்டிக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். 1870 இன் கடைசியில் அங்கிருந்த 5,688 பேரில் பெயர் தெரிந்தோர் 1,793. பெயர் தெரியாதோர் 3,895. அதே 1870 இல் டிஷோமிங்கோ மாவட்டத்தைப் பிரித்து அல்கோர்ன் மாவட்டம் உருவாக்கப்பட்டது. கொரிந்த் அதன் தலைநகரானது.

1886 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் தென் மாநிலங்களின் பெரும்பாலான புகையிரதப் பாதைகள் தமது தண்டவாள அகலத்தை மாற்றிக்கொண்டன. ஐந்து அடியாக இருந்ததை மூன்று அங்குலம் உள்ளே நகர்த்தி வடக்கின் அளவோடு பொருந்தச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளத்தை இரண்டு நாட்களில் நகர்த்திய திறமை வியப்புக்குரியதுதான். தண்டவாளம் நெருங்கியது, அதன்மேல் ஓடிய பெட்டிகள் பிரிந்தன. 1888 இல் மிஸிஸிப்பி, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் புகையிரதத்தில் வெவ்வேறு இடம் வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. தங்கள் முன்னோர் போட்ட பாதையில் கறுப்பினத்தவர் தனிப் பெட்டியில் ஏறவேண்டியதாயிற்று.

1890 இல் மிஸிஸிப்பி புதிய அரசியலமைப்பை எழுதியது. வாக்களிக்க விரும்புபவர் அரசியலமைப்பின் எந்தப் பிரிவையும் வாசிக்கக்கூடியவராக, அல்லது வாசித்துக் காட்டினால் பொருள் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும் என்று அதில் ஒரு விதி. எது வாசிப்பு, எது பொருள் என்று தீர்மானிப்பவர் வெள்ளை உத்தியோகத்தர். முப்பது வருடங்களுக்கு முன் வாசிப்பதே குற்றம் என்றவர்கள் இப்போது வாசிக்கத் தெரியாததைக் குற்றமாக்கினார்கள். வாசிக்கத் தெரிந்து வந்தவரையும் பொருள் சரியில்லை என்று திருப்பியனுப்பினார்கள். 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை இந்த நிலை நீடித்தது.

சிலைகளின் கதை

ஊரின் ஞாபகங்கள் எப்படிக் கல்லாயின என்பதையும் பார்க்கவேண்டும். ரொபினெட் அரணில் விழுந்த கேணல் ரொஜர்ஸுக்கு 1912 இலேயே நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. அந்த அரணைத் தாக்கியவர் அவர். தோற்றவரின் வீரத்தைக் கொண்டாடுவதில் பிழையில்லை. ஆனால் அவர் எதற்காகத் தாக்கினார் என்பதைக் கல் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் ஊர் தன் போக்கில் போனது. 1907 முதல் கொக்காகோலா போத்தலில் அடைக்கும் ஆலை ஒன்று இருந்து வந்திருக்கின்றது. இறைச்சியோடு மாவு கலந்து எண்ணெயில் பொரித்து, பணிசுக்குள் வைத்து ஐந்து சதத்துக்கு விற்ற பண்டம் ஒன்று பஞ்ச காலத்தில் ஏழைகளின் வயிற்றைக் காத்தது. அதற்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள். பயணிகள் கோச்சி நின்றுபோய், பழைய நிலையக் கட்டடம் நூதனசாலையாகிவிட்டது. சந்தி மட்டும் அதே இடத்தில் இருக்கின்றது. சரக்கு வண்டிகள் இன்னும் அதைக் கடந்து போகின்றன.

முகாம் இருந்த இடமோ ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பெயர்ப்பலகைகூட இல்லாமல் கிடந்தது. 2000 ஆம் ஆண்டில்தான் ஷைலோ தேசிய இராணுவப் பூங்காவின் பகுதியாகக் கொரிந்தும் சட்டப்படி சேர்க்கப்பட்டது. 2004 இல் விளக்க நிலையம் திறக்கப்பட்டது. அதன்பின் முகாம் இருந்த நிலத்தில் எஞ்சியிருந்த ஒரு சிறு பகுதியைப் பாதுகாத்து, நடைபாதை அமைத்து, ஆளளவு வெண்கலச் சிலைகளை நிறுத்தினார்கள். தளபதிகளின் சிலைகள் அல்ல. உழைக்கும் ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், துவக்கேந்திய ஒரு வீரன், புத்தகம் விரித்திருப்பவர்கள். பெயர் பொறித்த பீடங்கள் அவற்றுக்கு இல்லை.

ரொஜர்ஸுக்கு ஐம்பது வருடத்தில் கிடைத்தது இவர்களுக்கு நூற்று நாற்பது வருடம் கழித்தே கிடைத்திருக்கின்றது. அதுவும் தானாகக் கிடைத்ததல்ல. மிஷனரிச் சங்கத்துக்கு ஆசிரியர்கள் எழுதிய கடிதங்கள், இராணுவ அறிக்கைகள், படைப்பிரிவுகளின் பெயர்ப் பதிவேடுகள் ஆகியவை அழியாமல் இருந்தன. அவற்றைத் தேடி வாசித்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் இலாபத் தொகையும் வாசிக்கக் கற்றோர் தொகையும் இன்று நமக்குத் தெரிகின்றன. முகாமில் ஒரு கணக்குக் கொப்பியைப் பேணியவர் வரலாற்றுக்குச் செய்த சேவை பெரிது. அவர் அதை வரலாறு என்று நினைத்துச் செய்திருக்கமாட்டார்.

ஊர் வரலாறு எழுதப் புறப்படுகிறவர்கள் பொதுவாக முதற் பள்ளிவாசலையும் முதற் பாடசாலையையும் முதல் உத்தியோகத்தரையும் தேடுகிறார்கள். அவை தேவையே. ஆனால் ஊர் என்பது நிலைத்துப் போனவர்களின் கணக்கு மட்டுமல்ல. ஒரு வருடம் தங்கிவிட்டுக் கலைக்கப்பட்டவர்களும் அந்த வருடத்தில் அங்கே ஊரார்தான். கொரிந்தின் பதினாறு சதுர அடியைப் பிடிக்க வந்த பெரும்படைகள் சில மாதங்களில் போய்விட்டன. அதன் அருகே சில நூறு ஏக்கர் நிலத்தில் எழுத்துக் கூட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மிஸிஸிப்பியின் வாக்குச்சாவடி வாசலில் எழுபது வருடங்களுக்கு மேலாக வந்து நின்றார்கள், வாசித்தார்கள், திருப்பியனுப்பப்பட்டார்கள், மறுபடியும் வந்தார்கள். அந்த ஊரின் வரலாற்றில் வென்ற படை எது என்று கேட்டால், வடபடையையும் தென்படையையும் விட்டுவிட்டு அவர்களையே சொல்லவேண்டியிருக்கும்.